குண்டுவெடிப்புக்குப் பிறகு: இரக்கம் வழி தவறும் இடங்கள்

மும்பையில் இரக்கத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில்வே வண்டிகளில் சில நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலிருந்து ஓடிவந்தவர்கள், வீட்டுப் படுக்கை விரிப்புகளிலேயே காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றார்கள். முதல் இரவை இந்த நகரம் எப்படியோ நன்றாகவே கடந்துவிடுகிறது. தவறுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

முதல் இரவுக்குரிய தவறும் ஒன்று உண்டு: ரத்த தானம். சயான் மருத்துவமனை வாசலில் ஊரே திரண்டு நிற்கும். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு 5 நாள். இன்று கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் மறுபடி கொடுக்க இயலாது. அடுத்தடுத்து அறுவை சிகிச்சை நடக்கும் வாரங்களில் கொடுக்க ஆள் இருக்காது. ரத்த வங்கி கேட்கும் பிரிவினர் மட்டும் கொடுக்கட்டும். மற்றவர்கள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.

அடுத்தது, போலீசுக்கு முன்பே குற்றவாளியின் மதத்தைக் கண்டுபிடித்துவிடும் வாட்ஸ்அப் அவசரம். 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டார்கள். முதல் சில மணி நேரம் தொலைக்காட்சி வல்லுநர்கள் பலர் ஜிகாதிகளைத்தான் சந்தேகித்தார்கள். பிடிபட்டவனோ அந்நாட்டுக்காரனே, குடியேறிகளை வெறுத்த தீவிர வலதுசாரி. 'வெளியாள்' என்ற முத்திரை எப்படிச் சுடும் என்று மும்பைத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியில் அது தென்னிந்தியர் கடைகள் மீது கல்லாகவே விழுந்தது.

நியாயமான விசாரணை கேட்பவரைப் 'பயங்கரவாதியின் ஆள்' என்று ஏசுவதும் இதன் தொடர்ச்சிதான். 2006 வழக்கில் 2015இல் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் செய்தது என்ற கேள்விக்கு 19 ஆண்டு கழித்தும் உறுதியான பதில் கிடைக்காமல் நின்றவை, உயிரைப் பறிகொடுத்த குடும்பங்கள்.

'மும்பையின் மன உறுதி' என்ற புகழ்ச்சியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மறுநாள் ரயில் ஓடியது, உண்மைதான். விரார் வண்டியில் ஏறியவருக்கு வீரம் இருந்ததோ இல்லையோ, போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். கால் இழந்தவரும், வண்டிச் சத்தத்துக்கே உடல் வியர்ப்பவரும் அந்தப் புகழ்ச்சியின் கணக்கில் இல்லை. தூக்கம் வரவில்லை என்பவரிடம் "போகப் போக மறந்துவிடும்" என்று சொல்லி அனுப்பாமல், அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸின் உதவி எண் 14416ஐக் கொடுங்கள், தமிழிலும் பேசலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அறிவித்த பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வது. ரயிலில் நடந்த பயங்கரவாதச் செயலில் பயணி இறந்தால், ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி குடும்பத்தினர் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரலாம். ரயில்வே மீது தவறு இருப்பதாக நிரூபிக்கத் தேவையில்லை. 2017 முதல் தொகை 8 லட்சம் ரூபாய். மத்திய உள்துறையின் உதவித் திட்டம் வேறு: இறப்புக்கும், 50 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம். அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். காசோலையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் மேடையில் இதையெல்லாம் யார் விளக்குகிறார்கள்?

தாராவித் தமிழ்க் குடும்பத்துக்கு இதில் தனிச் சிக்கல். நெல்லை ஆவணத்தில் தந்தை பெயருக்கு ஒற்றை முன்னெழுத்து. மும்பை ரேஷன் கார்டில் அதே பெயர் முழுதாக விரிந்து, மராத்தி உச்சரிப்பில் கடைசியில் நிற்கும். வங்கிக் கணக்கில் இன்னொரு விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் படியேறி இறங்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவதைவிட, மராத்தி படிக்கத் தெரிந்த ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு வரிசையில் நிற்பது பெரிய உதவி. நார்வேயில் தப்பிப் பிழைத்தவர்களை உள்ளாட்சிகளே தேடிப் போயின. ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர்பாளரை அமர்த்தி, குறைந்தது ஓராண்டாவது விசாரித்துக்கொண்டிருக்க ஏற்பாடு செய்தன. நம் தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் ஆளுக்கொரு குடும்பத்தை இப்படிப் பொறுப்பேற்றால் போதும். அஞ்சலி பேனருக்குச் செலவழிக்க வேண்டாம்.

பாஸ் எரிந்துபோய்விட்டது என்று கோரிக்கையையே கைவிடுகிறவர்களும் உண்டு. டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விவரங்களோடு பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அவர் பயணி இல்லை என்று காட்ட வேண்டியது ரயில்வேயின் பொறுப்பு. மனுவுக்குக் கெடு ஓராண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் தீர்ப்பாயம் அதற்குப் பிறகும் ஏற்கலாம். எனவே 'நாள் கடந்துவிட்டது' என்று நீங்களாகவே முடிவு சொல்லிவிடாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு முறை கேளுங்கள். பெண்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம்.