பழைய கம்ப்யூட்டருக்கு வேகமான பிராசஸர்: திருப்புளியை எடுப்பதற்கு முன்னால்

கம்ப்யூட்டர் இழுக்கிறது என்றவுடன் பிராசஸரைக் குறை சொல்லிவிடாதீர்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை (எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் திரை) திறந்து வைத்துக்கொண்டு தினமும் செய்யும் வேலையைச் செய்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்), ரேம் (தற்காலிக நினைவகம்) நிரம்பி வழிந்தால் கூடுதல் ரேம். சிபியு, அதாவது பிராசஸரின் அளவைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம்: நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசஸரில் ஒரே ஒரு கோர் மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கு 25 சதவீதம்தான் காட்டும், அதனால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சரி, பிராசஸர்தான் காரணம் என்று உறுதியாகிவிட்டதா? லேப்டாப் என்றால் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடலாம், பத்து வருடமாக வருகிறவற்றில் பிராசஸரைப் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப் என்றால் சிபியு-இசட் மென்பொருளில் மதர்போர்டின் (பிராசஸர் உட்காரும் முதன்மைப் பலகை) மாடல், சிப்செட் (அந்தப் போர்டின் துணைச் சிப்), பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு மூன்றையும் குறித்துக்கொண்டு, போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அது ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலைத் தேடுங்கள்.

சாக்கெட்டின் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 2015-இல் வந்த இன்டெல் ஐ5-6400, 2017-இல் வந்த ஐ5-8400 இரண்டுக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151தான், ஆனால் 6400 ஓடும் போர்டில் 8400 ஓடாது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், 2017-இல் அந்த நிறுவனத்தின் முதல் ரைசன் பிராசஸரோடு வாங்கிய பல போர்டுகள் பயாஸை மட்டும் புதுப்பித்தால் ரைசன் 5 5600-ஐ ஏற்றுக்கொள்ளும், அது விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வ பட்டியலிலும் இருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1155 போர்டில் ஐ3-2100-ஐ எடுத்துவிட்டு ஐ7-3770 போட்டால் 2 கோர் 4 கோராகும், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய த்ரெட் (வேலை வரிசை) 4-லிருந்து 8 ஆகும், வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஆனால் விண்டோஸ் 11 ஆதரவு வராது. இந்தப் பழைய சிப்களைப் பழையதாகவே வாங்கலாம், பிராசஸர் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் இல்லை.

இப்போது மிக முக்கியமான விஷயம். பயாஸைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே புதுப்பியுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யாமல் புது சிப்பைப் பொருத்திவிட்டு, கறுத்துக் கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, பழையதை மறுபடி மாட்டி, பயாஸை ஏற்றி, திரும்பவும் முதலிலிருந்து. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிராசஸர் மாறியதும் கேட்கக்கூடும்.

கழற்றும்போது ஏஎம்4-இல் ஒரு ஆபத்து உண்டு. பிராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் (ஃபேனோடு கூடிய குளிர்விப்பான்) நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், கூலரை நேராக மேலே இழுத்தால் சாக்கெட்டின் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து அதன் அடியிலுள்ள பின்கள் வளைந்துவிடும். அதனால் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்குங்கள், அணைத்து, மின் வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பிடி விட்டதும் தூக்குங்கள்.

பொருத்துவது எளிது. மூலையில் இருக்கும் சின்ன முக்கோணம் சாக்கெட்டில் உள்ள குறியோடு சேர வேண்டும், சிப் தானாக உட்கார வேண்டும், அழுத்தவே கூடாது. எல்ஜிஏ சாக்கெட்டில் லீவரை மூடும்போது நறநறவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம், அது இயல்புதான். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப்பின் நடுவில் பட்டாணி அளவு புதிது வையுங்கள். இன்டெல் கூலரின் நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்தி, போர்டின் பின்பக்கம் நான்கும் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபேன் வயரை மறக்காதீர்கள்.

முதலில் பயாஸுக்குள் போய்ப் புது சிப்பின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியதில்லை. அப்புறம் இருபது நிமிடம் கனமான வேலை ஒன்றைக் கொடுத்து வெப்பத்தைக் கவனியுங்கள், 80 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி, ஓரிரு நிமிடத்திலேயே 90-ஐத் தொட்டால் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம், அணைத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள்.