தாத்தா வித்த அம்பாசிடரைத் தேடுறவங்களுக்கு

நம்பர் பிளேட்டை மட்டும் நம்பி அலையாதீங்க அண்ணாச்சி. செங்கோட்டை தாண்டிப் போயி கேரளாவுல மறுபதிவு ஆயிருந்தா நம்பரே மாறிருக்கும். மாறாதது சேசிஸ் நம்பர், அதாவது வண்டி உடம்புல அடிச்சிருக்கிற நம்பர். பழைய ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் தாள் எதுவும் பரண்ல கிடக்கான்னு ஆச்சிகிட்ட கேளுங்க. எங்க மார்க் 2 அம்பாசிடரோட வண்டி நம்பர், மாமா கல்யாணப் போட்டோவுல மாலைக்கு அடியில பாதிதான் தெரிஞ்சுது. மீதி இன்சூரன்ஸ் தாள்ல கிடைச்சுது.

முழு வண்டி நம்பர் கிடைச்சா, வண்டிப் பதிவு விவரம் காட்டுற அரசாங்க எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க. வரலையா? குற்றாலம் சீசனுக்கு வாடகை ஓட்டின தென்காசி டிரைவர்மாரைப் பிடிங்க. நம்பர் மறந்திருப்பாங்க, வண்டியை மறக்க மாட்டாங்க. வெளியில எத்தனை பெயிண்ட் அடிச்சிருந்தாலும் டிக்கிக்குள்ள பழைய கலர் எட்டிப் பாக்கும். அந்தக் கலரைச் சொல்லி விசாரிங்க.

வண்டி சிக்கிட்டா முதல்ல சேசிஸ் நம்பரை ஒத்துப் பாருங்க. தாத்தா வண்டின்னு மட்டும் வாயைத் திறந்துராதீங்க, விலை ஏறிரும்.