பழைய பித்தளையை ஒரே சாக்கில் போடாதீர்கள்

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளில்தான் ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் படகுகளைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். புரொப்பெல்லரை மாற்றுவார்கள், தண்டு சுழலும் தேய்ந்த உறையான புஷ்ஷைத் தட்டி எடுப்பார்கள், ஒழுகும் வால்வைக் கழற்றிப் போடுவார்கள். கழித்ததெல்லாம் ‘பித்தளை’ என்ற ஒரே பெயரில் ஒரே சாக்கில் விழும். சாக்கு காயலான் கடைக்குப் போகும், அங்கிருந்து வார்ப்புப் பட்டறைக்கு. இடையில் ஒருவர் அரம் எடுத்து உட்கார்ந்து பிரித்தால் விற்பவருக்குக் காசு கூடும், உருக்குபவருக்குத் தொல்லை குறையும். ஆனால் அரை நாள் வேலையாயிற்றே என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சாக்கில் குறைந்தது நான்கு வகை உலோகம் இருக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்போடு துத்தநாகத்துக்குப் பதில் பெரும்பாலும் வெள்ளீயம் சேர்ந்தது கன்மெட்டல். பழைய கணக்கில் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. புரொப்பெல்லர் பெரும்பாலும் மாங்கனீஸ் வெண்கலம். பெயரில்தான் வெண்கலம், உள்ளே துத்தநாகம் நாற்பது சதவீதத்தை நெருங்கும், அதாவது அதுவும் ஒரு பித்தளைதான். சில புரொப்பெல்லர்கள் அலுமினிய வெண்கலம். அவற்றில் ஒன்பது, பத்து சதவீதம் அலுமினியமே இருக்கும். வெளியே எல்லாமே ஒரே பச்சைக் களிம்பு பிடித்துக் கிடப்பதால் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும்.

களிம்பை நம்பாமல், கண்ணுக்குத் தெரியாத மூலையில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் என்றால் பித்தளை. சிவப்பு கலந்த பழுப்பு என்றால் கன்மெட்டல். வெளிறிய தங்க நிறம் என்றால் அலுமினிய வெண்கலமாக இருக்கலாம், அதைத் தனியே வையுங்கள். மேலே பளபளப்பு, உள்ளே சாம்பல் வெள்ளை என்றால் அது முலாம் பூசிய துத்தநாக வார்ப்பு. பழைய குழாய்த் திருகுகளில் நிறைய வரும். வெயிலில் பாருங்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த நிறங்கள் ஏமாற்றும்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் பித்தளை என்ற முடிவும் தவறு. காந்தத்தில் அகப்படுவது பெரும்பாலும் இரும்புதான். அலுமினியம், துத்தநாகம், பல வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் அதற்குத் தப்பிவிடும். போல்ட்டு, ஸ்பிரிங், வால்வின் இரும்புத் தண்டு ஆகியவற்றைக் கண்டுபிடிக்கக் காந்தம் வேண்டும், மற்றதற்கு அரம்தான்.

‘எல்லாம் உருகத்தானே போகிறது, கலந்தால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் அலுமினியம். கன்மெட்டல் உருக்கில் அலுமினியம் மிகச் சிறிய அளவு, நூறில் ஒரு பங்குக்கும் வெகு கீழே, கலந்தாலே வார்ப்பு உள்ளுக்குள் கசியத் தொடங்கும். வெளியே அழகாக இருக்கும். பம்பில் பூட்டித் தண்ணீரின் அழுத்தம் ஏறியதும் வியர்க்கும். ஒரு அலுமினிய வெண்கல புரொப்பெல்லர் இறகு ஒரு உலைக் கன்மெட்டலைக் கெடுக்கப் போதும். பட்டறைக்காரர்கள் கலவைச் சாக்குக்கு விலை குறைப்பதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது உயிர்மேல் வருகிற தவறு. கழற்றிய வால்வு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று இன்னொரு படகில் பூட்டுவது. உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் கிடந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறும். செம்பு அதே வடிவத்தில் அப்படியே நிற்கும். அளவு மாறாது, மரை மாறாது, எடைகூடக் கையில் தூக்கினால் தெரியாது. ஆனால் உள்ளே பஞ்சுபோலத் துளைத்துளையாகிவிட்டிருக்கும். படகின் அடியில் கடல் தண்ணீரை உள்ளே எடுக்கும் வால்வில் இது நடந்திருந்தால், ஸ்பேனரில் ஒரு திருகு போதும், கழுத்தோடு முறிந்து தண்ணீர் பீறிடும். அரம் போட்ட இடம் மஞ்சளாக இல்லாமல் ரோஜா நிறமாக இருந்தால் அதுதான் அறிகுறி. சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல பித்தளை கணீரென்று பேசும், துத்தநாகம் போனது மொத்தென்று அடங்கும். சந்தேகம் இருந்தால் உடைத்துவிடுங்கள். முழுதாக வைத்திருந்தால் யாராவது ஒருவர் வாங்கிப் பூட்டத்தான் செய்வார்.

துத்தநாகத்தைக் கரைக்கும் இதே வேலையை நாமே செய்துவிடுவதும் உண்டு. பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று கழிப்பறை ஆசிட்டில் ஊறப் போடுகிறார்கள். அது முதலில் தின்பது துத்தநாகத்தை. எடுத்துப் பார்த்தால் பித்தளை சிவந்திருக்கும், நல்ல சரக்குகூடக் கெட்ட சரக்காகத் தெரியும். ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வீட்டுப் பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்த்து உடனே கழுவுவது வேறு விஷயம், அதில் குற்றமில்லை. அம்மோனியா கலந்த கழுவு திரவமும் பித்தளைக்கு ஆகாது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களின் அம்மோனியாதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அழுத்தி இழுத்து வடிவம் கொடுத்த எந்தப் பித்தளைக்கும் அந்த ஆபத்து இருக்கிறது.

சுத்தம் செய்ய நல்ல தண்ணீரே போதும். ராமேசுவரம் தீவில் பல கிணறுகள் உவர்ப்பு. மழைத்தண்ணீர் கிடைத்தால் அது மேல். ஊற வைத்து, ஒட்டிக்கிடக்கும் ஓடான கொட்டலசைச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். படகின் அடிப்பெயின்ட் ஒட்டியிருந்தால் ஈரமாகவே சுரண்டுங்கள். தீ வைத்து எரித்தால் வரும் புகை நல்லதல்ல. காய வைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், ஆகவே மேலே காய்ந்த துண்டின் பொந்துக்குள் ஈரம் இருக்கும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் நொடியில் ஆவியாகி, உலோகத்தையே மேலே எறியும். இருபுறமும் அடைத்த குழாய், மூடிய பந்து வால்வு எதையும் அறுத்துத் திறக்காமல் உலைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

உலை என்றதும் ஒன்று. பித்தளை உருகுவது சுமார் 900 முதல் 940 டிகிரி செல்சியஸில். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெள்ளைப் புகை எழுந்தால் துத்தநாகம் போகிறது என்று பொருள். அதை மூச்சில் வாங்கியவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும், ஒன்றிரண்டு நாளில் தணியும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், காற்றோட்டம்தான் மருந்து. வீட்டு முற்றத்தில் உருக்கும் ஆசை வேண்டாம். பழைய வால்வுகளில் காரீயமும் கலந்திருப்பதால், அதை உருக்கிச் சமையல் பாத்திரம் வார்ப்பது அறவே கூடாது.

சாக்கில் தோட்டா வந்தால்? இந்தக் கரையில் அது வெறும் கற்பனை இல்லை. 2018 ஜூன் மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன. மண்ணிலோ உப்பிலோ எவ்வளவு காலம் கிடந்தாலும் உள்ளே வெடிமருந்து செத்துவிட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தட்டாதீர்கள், அரம் போடாதீர்கள், வேறு இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள். காலி உறைதானே என்றும் வாங்கிப் போட வேண்டாம். சுடும் தளங்களில் காலி உறைகளுக்கே கணக்கு உண்டு. காலி உறையில் மருந்தடைத்து உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். காயலான் கடைக்காரர் அந்த வம்பில் ஏன் மாட்ட வேண்டும்? ரயில்வே முத்திரை உள்ள சாமான்களும் அப்படித்தான், ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பதற்கு எதிராக 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

அப்புறம் எடை. வகை வகையாகத் தனித்தனிச் சாக்கில் கட்டி, ஒவ்வொன்றிலும் அரம் போட்ட ஒரு துண்டை மேலே வைத்துக் கொண்டுபோங்கள். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, மொத்தமாப் போட்டுடலாம்’ என்றால், கன்மெட்டல் சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த கடையில் விலை கேளுங்கள்.