சைடு வீல் ஸ்கூட்டர் ஓட்டப் பழகுவது எப்படி? (தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு)

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரோ, சொந்தக் காசில் சைடு வீல் மாட்டிய வண்டியோ, எதுவானாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: இது சாயாது. பைக்கில் உடம்பைச் சாய்த்தால் வண்டி தானாகத் திரும்பும். இதில் ஆட்டோ மாதிரி ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பினால்தான் உண்டு. அதனால் ஏற்கெனவே பைக் ஓட்டியவர்கள்தான் முதலில் தடுமாறுவார்கள்.

1. பேப்பர்

நீங்களே சைடு வீல் மாட்டினால், அந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52). எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். கூடுதலாகச் சக்கரம் இருக்கிறதே என்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

2. ஏறும் முன் ஒரு பார்வை

சமதளத்தில் உட்கார்ந்துகொண்டு, பின் டயரைப் பார்க்கச் சொல்லுங்கள். எடை அதன்மேல் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். சைடு வீலை ரொம்பக் கீழே இறக்கி மாட்டியிருந்தால், பள்ளத்தில் பின் சக்கரம் அந்தரத்தில் நின்று சும்மா சுற்றும். அந்த நேரத்தில் பின் பிரேக்கும் பிடிக்காது. பெரும்பாலான வண்டிகளில் சைடு வீலுக்குத் தனி பிரேக் கிடையாது.

3. மைதானத்தில் திருப்பம்

சந்தை இல்லாத நாளில் சந்தைத் திடல் போதும். நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும், வலது சக்கரம் லேசாகத் தூக்கும். பயந்து வெளிப்பக்கம் சாயாதீர்கள். உடம்பை வலப்பக்கமே, அதாவது வளைவின் உள்பக்கமே சாய்த்து, ஹேண்டிலைத் திருப்புங்கள்.

பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னாலும் வெளிப்பக்கமுமாகப் பாய்கிறது. அந்த மூலையில் தாங்கிக்கொள்ளச் சக்கரம் இல்லை. வண்டி கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான்.

தடுமாறினால் காலை ஊன்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஊன்றிய கால்மேல் சைடு வீல் ஏறும்.

4. தார் ரோடு

நம் ரோடுகள் ஓரம் தாழ்ந்திருக்கும், வண்டி இடப்பக்கமே இழுக்கும். வலக்கை விடாமல் பிடித்தபடி இருக்க வேண்டும், முதலில் தோள் வலிக்கும். முன் சக்கரம் தப்பிய குழியில் சைடு வீல் விழும் என்பதால் மூன்று தடங்களையும் கணக்கில் வைத்து ஓட்டுங்கள். ஸ்பீடு பிரேக்கரைக் கோணலாக ஏறாதீர்கள், நேராகவே ஏறுங்கள்.

தை மாசி வாக்கில் பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் கிராமத்து ரோட்டில் கேழ்வரகும் கொள்ளும் பரப்பியிருப்பார்கள். வேகத்தைக் குறைத்தே கடக்க வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும். தாண்டியதும் நிறுத்தி, சைடு வீல் அச்சில் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாலைந்து கிலோமீட்டர் அப்படியே ஓடினால் சுற்றிய வைக்கோல் இறுகிவிடும், கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

5. இறக்கம்

தொப்பூர் கணவாய்க்குக் கைப்பழக்கம் வரும்வரை போகாதீர்கள். லாரிகளே பிரேக் சூடாகித் தவிக்கும் இறக்கம் அது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளும் அப்படியே. ஸ்கூட்டரில் வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து மூடினால் மறுபடி பிடிக்கும். பிரேக்கையும் தொடர்ந்து தேய்க்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

6. நாலு சக்கர பைக் ஓட்டலாமா?

ரிசார்ட்டுகளில் சுற்றும் ஏ.டி.வி.யைப் பார்த்துவிட்டுச் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். பதிவு எண் இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டக்கூடாது, அந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் பதிவே கிடையாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பல மாடல்களில் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றும். மண்ணில் வழுக்கித் திரும்பிவிடும். தாரில் டயர் பிடித்துக்கொள்வதால், ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். திடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.