மஞ்சளடித்த ஹெட்லைட்டைக் கழற்றிப் புதுப்பிப்பது எப்படி?

பத்து வருடத்துக்கு மேல் வெயிலில் நின்ற காரின் ஹெட்லைட் மங்கினால் பலரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள். பெரும்பாலும் கோளாறு ஹெட்லைட்டின் முன்பக்க மூடியான முகப்பில் இருக்கும். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் கம்பெனியில் பூசிய மெல்லிய படலம் உரிந்துபோனால் புற ஊதாக் கதிர் நேராகப் பிளாஸ்டிக்கைத் தாக்கி மஞ்சளாக்கிவிடும். ஆகவே தேய்ப்பது பாதி வேலைதான். புதுப் படலம் பூசாவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். பற்பசை வைத்தியம் நிலைக்காததும் இதனால்தான். அம்பாசடர், பத்மினி கார்களில் முகப்பு கண்ணாடி என்பதால் அவற்றுக்கு இந்த வேலையே தேவைப்படாது.

தொடங்கும் முன் முகப்பில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் தெளிந்தால் கோளாறு வெளிப்பக்கம். ஹெட்லைட்டைப் பிரிக்கவே வேண்டாம். தெளியாவிட்டால் உள்ளே தூசியோ ஈரமோ இருக்கலாம்.

தேவையானவை: 10 மி.மீ. சாக்கெட், ஸ்க்ரூடிரைவர், 800, 1000, 1500 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), ஐசோபுரோபைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப், புற ஊதாத் தடுப்புள்ள 2கே கிளியர் கோட் ஸ்பிரே (ஹார்டனர் கலந்து இறுகும் நிறமற்ற பூச்சு), பியூட்டைல் சீலன்ட் (சூட்டில் இளகும் ரப்பர் போன்ற பசை).

1. கழற்றுதல்
பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிடுங்கள். பல கார்களில் பம்பரை இறக்கினால்தான் கடைசி போல்ட் எட்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே நொறுங்கும். ஐந்தாறு புதியவை கையில் இருக்கட்டும். ஒயரை ஹெட்லைட்டோடு இணைக்கும் கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

2. பிரித்தல் (உள்ளே அழுக்கு இருந்தால் மட்டும்)
பல்பு, ரப்பர் மூடி, ஸ்க்ரூ, ஓரக் கிளிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓவனில் 90 முதல் 100 டிகிரியில் சுமார் 10 நிமிடம் வையுங்கள். சூடு ஆறுவதற்குள் ஓரத்தில் நெம்பினால் பியூட்டைல் பசை இளகிப் பிரியும். பிரியவில்லை என்றால் அது சூட்டுக்கு இளகாத பசை. அத்தோடு விட்டுவிடுங்கள், பலம் கொடுத்தால் முகப்பு விரிசல் விடும்.

உள்ளிருக்கும், ஒளியை முன்னே திருப்பும் ரெஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது. அதிலிருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, கையோடு வந்துவிடும். காற்றால் ஊதித் தூசியை எடுத்தால் போதும்.

திரும்ப ஒட்டப் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புது பியூட்டைல் வையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அது காயும்போது வரும் அமில ஆவி ரெஃப்ளெக்டரைக் கெடுக்கும். பின்புறக் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், அடைத்தால் உள்ளே நீர் கோக்கும்.

3. தேய்த்தல்
முகப்பையும் பேப்பரையும் நனைத்தபடியே தேய்க்க வேண்டும். 800ல் தொடங்குங்கள். முதலில் மஞ்சள் நீர் வழியும். அது பால் வெள்ளையாக மாறினால் பழைய படலம் போய்விட்டது. திட்டுத்திட்டாக விட்டால் புதுப் பூச்சுக்கு அடியில் அந்த விளிம்புகள் தெரியும். 800ஐக் கிடைமட்டமாகத் தேய்த்தால் 1000ஐ மேலும் கீழுமாகத் தேயுங்கள். முந்தைய கீறல் முழுதும் மறைந்த பிறகே அடுத்த எண். அவசரப்பட்டு ஓர் எண்ணைத் தாண்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 1500ல் நிறுத்துங்கள், பாலிஷ் போட வேண்டாம். முகப்பு இப்போது மங்கலாகத் தெரியும். கிளியர் கோட் பிடிக்க அந்தச் சொரசொரப்பு வேண்டும், பூச்சு விழுந்ததும் தெளிந்துவிடும்.

4. பூசுதல்
ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தின்னர், பெட்ரோல் பட்டால் பாலிகார்பனேட் நுண்விரிசல் விடும். 2கே ஸ்பிரேயின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்குக் கேடு. திறந்த வெளியில், பெயின்ட் வேலைக்கான கேட்ரிட்ஜ் மாஸ்க்கோடு மட்டுமே அடியுங்கள், துணி மாஸ்க் பயன்படாது. முதலில் தூறல்போல் ஒரு கோட், 10 நிமிடம் கழித்து நிறைவாக இரண்டு கோட். மழை நாளில் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகலாம். ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

5. பொருத்துதல்
எச்4 பல்பு (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில்) என்றால் 60/55 வாட்டே போடுங்கள். 100/90 போட்டால் ஹோல்டர் உருகும், ரெஃப்ளெக்டர் கருகும். பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது.

கடைசியாக ஒளியின் உயரம். டயர்களில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் இருக்க, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். பல்பின் மைய உயரத்தைச் சுவரில் குறித்து, லோ பீமின் மேல்விளிம்பு அதற்கு 10 செ.மீ. கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். நம் சாலைகளுக்கான விளக்கில் அந்த விளிம்பு இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறும். வலப்பக்கம் ஏறினால் எதிரே வருபவரின் கண் கூசும்.