திருகோணமலையில் வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? முதலில் செலவைக் கணக்குப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகும் பலர் “மாதம் எவ்வளவு வாடகை வரும்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை எந்தத் தரகரும் சொல்லிவிடுவார். செலவை நாம்தான் உட்கார்ந்து எழுத வேண்டும், அதுவும் முற்பணம் கொடுப்பதற்கு முன்பே. ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் வீட்டுக்குரியதை நீங்கள் விசாரித்துப் போடுங்கள்.

படி 1: கைக்கு வரும் வரைக்குமான செலவு

விலை ஒன்றரைக் கோடி என்று வைப்போம். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, மிகுதிக்கு 4%. ஆக 5,99,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணம், காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பார்ப்பது, நில அளவை வரைபடம் எல்லாவற்றுக்கும் இரண்டரை இலட்சம். ஆள் குடியேறுவதற்கு முன் செய்யவேண்டிய திருத்த வேலைக்கு 6 இலட்சம். மொத்தம் ஏறக்குறைய 1,64,50,000. இனி எல்லாக் கணக்கும் இந்தத் தொகைக்கே, விலைக்கு அல்ல.

காணி அனுமதிப்பத்திரக் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது), உறுதிக் காணியா (உறுதி எழுதப்பட்ட சொந்தக் காணி) என்பதை இந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் மாவட்டத்தில் அனுமதிப்பத்திரக் காணிகள் நிறைய உண்டு. அவற்றை நினைத்தபடி விற்கவோ வாங்கவோ முடியாது.

படி 2: திருத்தச் செலவு

இங்கே அவசரப்படாதீர்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் கடலுக்கு அருகில் உள்ள வீடு கடலுக்குத் தள்ளி உள்ள வீட்டை விட வேகமாகப் பழுதாகும். தூணின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் அதன் வழியே செம்மஞ்சள் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிச் சீமெந்தை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். மேலே பூசிப் பெயின்ற் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் ஒரு நல்ல மேசனைக் கூட்டிவந்து காட்டுங்கள். கேற் பிணைச்சல், ஏசியின் வெளிப்பெட்டி, யன்னல் கம்பி மூன்றையும் பார்த்தாலே உப்புக்காற்று அந்த வீட்டை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது விளங்கும்.

முடிந்தால் மாரியில், நவம்பர் டிசம்பரில், மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் எல்லா வீடும் காய்ந்து அழகாகத்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உவர்ப்பென்றால் குழாய்நீர் இணைப்பு இருந்தே ஆகவேண்டும்.

பெரிய வேலைகளை ஆண்டுக்குப் பிரித்து எழுதுங்கள். வெளிப் பெயின்ற் 2,40,000, நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 60,000. தண்ணீர் மோட்டர் 40,000, ஐந்து வருடத்துக்கு ஒன்று என்றால் 8,000. கூரை, பீலி, மரவேலை, வயரிங் சேர்த்து 52,000. மொத்தம் 1,20,000.

படி 3: வெறுமையாகக் கிடக்கும் மாதம்

இங்கே வாடகைக்கு வருவோரில் இடமாற்றத்தில் வரும் அரச, வங்கி உத்தியோகத்தர்கள் நிறையப் பேர். இடமாற்றக் கடிதம் வந்தால் போய்விடுவார்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாக மாணவர்களை நம்பினால் விடுமுறையையும் யோசிக்க வேண்டும். வருடத்தில் ஒரு மாத வாடகையையாவது கழியுங்கள். உல்லாசப் பயணிகளுக்கு விடும் எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரைதான் கூட்டம்.

படி 4: சில்லறைகள்

சோலைவரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதன வரி), காப்புறுதி 25,000. ஆள் மாறும்போது துப்புரவு, மலக்குழி இறைக்க பவுசர் 30,000. வருமான வரியில் வாடகையின் 25% பராமரிப்புக் கழிவாகக் கிடைக்கும். 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் வரை தனிநபர் விலக்கும் உண்டு. வேறு வருமானம் உள்ளவர்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

படி 5: கழித்துப் பாருங்கள்

வாடகை மாதம் 60,000 என்றால் ஆண்டுக்கு 7,20,000. வெறுமை மாதம் 60,000, திருத்தம் 1,20,000, சில்லறை 55,000 போக 4,85,000 மிஞ்சும். தரகர் 7,20,000 ஐ ஒன்றரைக் கோடி விலையோடு வைத்துக் காட்டும் 4.8%, மிஞ்சும் 4,85,000 ஐ 1,64,50,000 உடன் வைத்துப் பார்த்தால் உண்மையில் 3 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. இதை வங்கி நிலையான வைப்பு வட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். காணி விலை ஏறும் என்ற நம்பிக்கையை இந்தத் தாளில் எழுதாதீர்கள்.

கடன் எடுத்து வாங்குகிறீர்கள் என்றால் மாதத் தவணையை 60,000 உடன் அல்ல, 4,85,000 ஐ 12 ஆல் பிரித்து வரும் 40,400 உடன் ஒப்பிடுங்கள். தவணை அதை விடக் கூடினால், படி 2இல் எழுதிய திருத்தப் பட்டியலோடு விற்பவரிடம் போய் விலையைப் பேசுங்கள்.