பதிவிறக்கிய கோப்பைச் சரிபார்க்கும்போது நடக்கும் தவறுகள்

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், மின்ட் குழு உருவாக்கிய கோப்புகளைத் தொடவில்லை. பதிவிறக்கப் பக்கத்தில் இருந்த சுட்டியை மட்டும் மாற்றினார்கள். அன்று மின்ட் 17.3 சினமன் பதிப்பைத் தேடி வந்து அதைச் சொடுக்கியவர்களுக்கு, பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வரிலிருந்து பின்கதவு (பிறர் ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓ, அதாவது நிறுவல் கோப்பு, இறங்கியது. செக்சம் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட அடையாள எண்) பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தோன்றும். தப்பித்திருக்கலாம், ஆனால் அந்தச் செக்சத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

கோப்பையும் செக்சத்தையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எஸ்ஹெச்ஏ-256 என்ற செக்சம் முறை எந்தக் கோப்பையும் 64 எழுத்துகளாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆனால் அதைக் கணக்கிட எந்த ரகசியமும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். சுட்டியை மாற்ற முடிந்தவருக்கு அதன் கீழே இருக்கும் எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அதற்காகச் செக்சம் வீண் என்றும் சொல்லிவிடக் கூடாது. கோப்பை ஏதோ ஒரு மிரர் சர்வரிலிருந்தோ (அதே கோப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்) டாரென்டிலிருந்தோ எடுத்துவிட்டு, எண்ணை மூலத் தளத்திலிருந்து எடுத்தால் அது உண்மையான பாதுகாப்பு. பாதியில் அறுந்த பதிவிறக்கத்தையும், பழுதான பென் டிரைவில் சிதைந்த கோப்பையும் அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, எந்த அல்காரிதம், அதாவது செக்சத்தைக் கணக்கிடும் முறை, என்று பார்க்காமல் ஒப்பிடுவது. விண்டோஸில் சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளைக்கு அல்காரிதம் பெயரைக் கொடுக்காவிட்டால் அது எஸ்ஹெச்ஏ-1 தான் கணக்கிடும். எண் பொருந்தவில்லையே என்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) தானாகவே எஸ்ஹெச்ஏ-256 எடுத்துக்கொள்ளும். எம்டி5 என்ற பழைய முறையில் மட்டும் செக்சம் கொடுக்கும் தளங்களை நம்பி இருக்காதீர்கள். ஒரே எம்டி5 தரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று 2004இலேயே சீனக் குறியாக்க ஆய்வாளர் வாங் சியாயுன் குழு காட்டிவிட்டது. 2012இல் வெளிவந்த ஃப்ளேம் என்ற உளவு மென்பொருள், அந்தப் பலவீனத்தை வைத்தே மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தைப் போலி செய்தது. எஸ்ஹெச்ஏ-1 கதையும் 2017இல் அப்படியே முடிந்தது.

முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்துவிட்டு ‘சரி’ என்பதும் வேண்டாம். எட்டு எழுத்து மட்டும் பொருந்தும்படி ஒரு கோப்பைத் தயாரிப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலை இல்லை. முழு எண்ணையும் கணினியே ஒப்பிடட்டும்.

இனி டிஜிட்டல் கையொப்பம். ரகசியச் சாவியால் கையொப்பமிடுவார்கள்; அதற்கு இணையான பொதுச்சாவியை வைத்து யாரும் சோதிக்கலாம். செக்சத்தால் சொல்ல முடியாத ஒன்றை இது சொல்கிறது: இந்தக் கோப்பை அல்லது இந்தச் செக்சம் பட்டியலை, குறிப்பிட்ட ஒரு ரகசியச் சாவி வைத்திருப்பவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தச் சாவி யாருடையது என்பதை அது சொல்லாது. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. கையொப்பமிடவும் சோதிக்கவும் உதவும் ஜிபிஜி மென்பொருளில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் மின்னஞ்சலிலும் சாவி உருவாக்கலாம். கடைத்தெருவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்வது போலத்தான். தளத்தைக் கைப்பற்றியவர் தன் சாவியையும் அங்கேயே வைத்து, அதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினால், நீங்கள் அதை இறக்கிச் சோதிக்கும்போது ஜிபிஜி ‘நல்ல கையொப்பம்’ என்றே சொல்லும். சொல்வது பொய்யும் இல்லை. அந்தச் சாவியால் அந்தக் கோப்பு உண்மையாகவே கையொப்பமிடப்பட்டிருக்கிறது.

அதனால் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, சாவியின் கைரேகையை, அதாவது சாவியிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை; அதிலும் 40 எழுத்துகளையும். கடைசி எட்டு எழுத்தை மட்டும் வைத்துச் சாவியைத் தேடி எடுக்கும் பழைய வழக்கம் ஆபத்தானது. 2016இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே, அதே எட்டு எழுத்துகளுடன் ஒரு போலிச் சாவி பொதுச் சாவி சர்வர்களில் இருந்தது தெரியவந்தது. கைரேகையைக் குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களில் ஒப்பிடுங்கள்: திட்டத்தின் தளம், அப்புறம் அந்தத் தளத்தோடு தொடர்பில்லாத வேறோர் இடம், அல்லது தளத்தின் பழைய இணையக் காப்பகப் பிரதி. ஏற்கெனவே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலை எளிது. உபுண்டு ஐஎஸ்ஓவுக்கான சாவி உபுண்டு-கீரிங் என்ற தொகுப்பில் அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. ஒருமுறை நன்றாக விசாரித்துச் சேர்த்த சாவியை அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். அது ஒருநாள் திடீரென்று மாறினால், அன்று நிதானமாக விசாரியுங்கள்.

உபுண்டு, இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன் இரண்டிலுமே கையொப்பம் ஐஎஸ்ஓவின் மீது இல்லை, செக்சம் பட்டியலின் மீது இருக்கிறது. பட்டியலின் கையொப்பம் சரி என்றதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஐஎஸ்ஓவை இன்னும் யாருமே பார்க்கவில்லை! அதன் செக்சத்தைக் கணக்கிட்டுப் பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடுவது இரண்டாம் படி. அதை விட்டால் முதல் படியால் பயன் இல்லை.

இவ்வளவும் செய்தாலும் கையொப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியாக நுழைவது அரை நொடி தாமதமானதைத் துருவிப் பார்த்ததில் சிக்கியது அது. கையொப்பம் செல்லுபடியானதுதான். ஏனென்றால் பின்கதவை வைத்தவரே அந்தத் திட்டத்தின் பராமரிப்பாளர்களில் ஒருவர். கோப்பு வழியில் மாறவில்லை என்று கையொப்பம் உறுதி சொல்லும். கையொப்பமிட்டவரின் எண்ணத்துக்கு அது பொறுப்பேற்காது.

கடைசியாக, பொருந்தாதபோது என்ன செய்வது? ‘பொதுச்சாவி இல்லை’ என்று வந்தால் அது தோல்வி அல்ல. சோதனை இன்னும் நடக்கவே இல்லை என்று பொருள். ‘கெட்ட கையொப்பம்’ என்றால் கோப்பைத் திறக்காமல் அழித்துவிட்டு, வேறு மிரரிலிருந்து இறக்கிப் பாருங்கள். பதிப்பு எண்ணையும் கோப்பின் அளவையும் பாருங்கள். பழைய பதிப்பின் பட்டியலோடு ஒப்பிட்டிருக்கலாம். மறுபடியும் பொருந்தவில்லை என்றால் அதை நிறுவாதீர்கள், அந்தத் திட்டத்தினருக்கு உடனே எழுதுங்கள்.